மயில்மீன் மாட்டிய நேரம்

கடலில் மீனைப் பிடித்து, தடவிக்கொடுத்து, படம் எடுத்து, மறுபடி கடலிலேயே விடுவதற்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதுதான் என் தொழில். சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் சிப்பித்துறையில் எல்லாரும் சிரித்து முடித்து ரொம்ப நாளாகிறது. வலை போட்டுப் பிழைக்கிற ஊரில், கைக்கு வந்த மீனைக் கையாலேயே தண்ணீரில் விடுகிறவளை வேறு என்ன செய்வார்கள்? "எந்தங்கச்சி மீனுக்குச் சீராட்டிட்டு வாரா" என்று என் அண்ணன் லியோன் ஊரெல்லாம் சொல்லித் திரிவான். கேலிதான். ஆனால் அதில் பாதி பெருமையும் இருக்கும்.

என் பெயர் பிரிஸ்கா கொரைரா. நாற்பத்தாறு வயது, கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. 'ஸ்டெல்லா' என்று முப்பத்துநாலடிப் படகு ஒன்று என் பேரில் இருக்கிறது. கோயம்புத்தூர், பெங்களூர், சில நேரம் வெளிநாட்டிலிருந்துகூட ஆட்கள் முன்பதிவு செய்து வருவார்கள். பதினாலு கடல்மைல் தள்ளிக் கூட்டிப் போவேன். அங்கேதான் தரை இறங்கி ஆழமாகும், அங்கேதான் மயில்மீன் வரும். ஆள் நீளத்துக்கு மேல் இருக்கும், முதுகில் நீலப் பாய் விரியும். தூண்டிலில் மாட்டினதும் அது தண்ணீரைவிட்டு எழும்பிக் குதிப்பதை ஒரு தரம் பார்த்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். நானே அப்படி ஒரு மருந்துக் கம்பெனி வேலையை விட்டவள்தான்.

இப்போது காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பா காலத்தில் காற்றுக்கு மாசம் இருந்தது. கச்சான் இன்ன மாசம், வாடை இன்ன மாசம் என்று அது முறையாக வந்து போகும். எங்கள் காலத்தில் அந்த முறையெல்லாம் போச்சு. வானம் கண்ணாடியாக இருக்கும்போதே ஒரு தாலுகா அளவுக்குக் கடலில் காற்று கிளம்பும், அரை மணியில் வெறி பிடித்து அடிக்கும், ஒரு மணியில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அடங்கிவிடும். பொட்டுக்காற்று என்று பேர் வைத்தோம். அது அடித்து முடித்த பிறகுதான் செயற்கைக்கோளுக்கே தெரியும். முதல் மூன்று வருடத்தில் எங்கள் கரையில் மட்டும் பத்தொன்பது பேர் போனார்கள்.

அதற்கு அப்புறம்தான் பெட்டி வந்தது. கரையோர எச்சரிக்கை ஆணையம் என்று ஒன்றை அமைத்து, ஒவ்வொரு படகிலும் சாப்பாட்டுத் தூக்கு உயரத்துக்கு ஒரு பெட்டியை மாட்டினார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு. சின்னதாக ஒரு திரை, அதில் அக்கம்பக்கத்துப் படகெல்லாம் புள்ளி புள்ளியாக நகரும். சிவப்பு எரிந்தால் இன்னும் நாற்பது ஐம்பது நிமிடத்தில் காற்று வரும், எல்லாரும் கரைக்கு வந்தாக வேண்டும். எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஏழு வருடம் அது சொன்னது சொன்னபடி நடந்தது. சிப்பித்துறையில் ஒரு உயிர் போகவில்லை.

எட்டாவது வருடம், பங்குனி மாசம் ஒரு வியாழக்கிழமை, லியோன் போனான்.

அன்றைக்கு என் படகில் தனசேகரன் சார் இருந்தார். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு வருடமாக ஒரே ஒரு மயில்மீனுக்காக வந்து போகிறார், ஒன்றும் அகப்பட்டதில்லை. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். லியோன் எனக்கு முன்னாலேயே தன் ஃபைபர் படகில் போய்விட்டான். கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று தனியாகப் போயிருந்தான். ஏழு மைலில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவன், நான் கடக்கும்போது கையை ஆட்டிவிட்டு ஏதோ சொன்னான். என்ன கேலியோ, இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

பதினொரு மணி தாண்டினதும் என் ஸ்டியரிங் லேசானது.

இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. சாதாரணமாகப் படகை வளைத்தால் தண்ணீர் கொஞ்சம் எதிர்த்து நிற்கும். சில நாள் திடீரென்று அந்த எதிர்ப்பு போய்விடும், கை சும்மா சுற்றும். காற்று வரப்போகிறது என்று உடனே தெரிந்துவிடும். அப்போது நான் யாரையும் கேட்க மாட்டேன், படகை ஒரே வளைப்பாகக் கரைக்குத் திருப்பிவிடுவேன். பயணிகள் திட்டுவார்கள், திட்டிவிட்டுப் போகட்டும். நான் திரும்பிக் கொஞ்ச நேரத்தில் பெட்டியில் சிவப்பு எரியும். பார்த்தீர்களா, நமக்கு முன்கூட்டியே மூளை வேலை செய்கிறது என்று நானே என் முதுகைத் தட்டிக்கொள்வேன்.

அன்றைக்கும் கை திருப்பப் போனது. அதே நொடி பின்னாலிருந்து ரீல் அலறியது. தனசேகரன் சார் தூண்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கிட்டத்தட்ட அழுதுகொண்டு, "அம்மா, மாட்டிருச்சும்மா" என்றார்.

தூண்டில் மீன்பிடிக்கு ஒரு சட்டம் உண்டு. உலகம் பூராவும் அதே சட்டம்தான். மாட்டினவர்தான் மீனைக் கொண்டுவர வேண்டும். வேறு யார் கையாவது தூண்டிலிலோ அதன் நரம்பிலோ பட்டால் அந்த மீன் கணக்கில் வராது. படகோட்டி செய்யக்கூடியது ஒன்றுதான்: இன்ஜினை நியூட்ரலில் போட்டு, மீன் இழுத்த பக்கம் படகைத் தானாக மிதந்து ஒழுகவிடுவது. நரம்பை அறுத்துவிட்டுக் கரைக்குத் திரும்ப எனக்கு அதிகாரம் இருக்கிறது. அறுத்திருக்கலாம். கத்தி என் கைக்கு எட்டும் இடத்திலேயே இருந்தது.

நியூட்ரலில் போட்டேன். ஊர்க்கதை நடுவில் வர வேண்டாம் என்று வயர்லெஸ் சத்தத்தைக் குறைத்தேன். பெட்டியைப் பார்த்தேன், பச்சை. சரி, பெட்டியே பச்சை காட்டுகிறது, நமக்கென்ன என்று மனசுக்குச் சமாதானம் சொன்னேன். அந்த ஆளுக்காக இரக்கப்பட்டேன் என்று சொன்னால் பாதி பொய். எனக்கே அந்த மீனைப் பார்க்க ஆசையாக இருந்தது. அது நாலு தரம் எழும்பியது. அவ்வளவு பெரிய மயில்மீனை அதற்கு முன் நான் கண்டதில்லை. சந்தோஷத்தில் கத்தினேன், அந்த வயதான மனுஷரை வாடா போடா என்றுகூடக் கூப்பிட்டேன்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மீன் படகோரம் வந்தது. மூக்கைப் பிடித்துத் தூக்கினேன், அவர் பக்கத்தில் நின்று சிரித்தார், படகுக் கேமரா படம் எடுத்தது. பிறகு தண்ணீரில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டி, மூச்சு வந்ததும் விட்டோம். இன்ஜினைப் போட்டுக் கரைக்குத் திருப்பினேன். பன்னிரண்டு ஐந்துக்குக் காற்று வந்தது.

ஸ்டெல்லா பெரிய படகு, தாங்கியது. மழையில் என் படகின் மூக்கே எனக்குத் தெரியவில்லை. பெட்டியில் சிவப்பு எரிந்தபோது காற்று ஏற்கெனவே என் தலைமேல் இருந்தது. அன்றைக்கு மூன்று படகு கவிழ்ந்தது. ஐந்து பேரை உயிரோடு தூக்கிவிட்டார்கள். லியோனின் படகு பன்னிரண்டு மைலில் குப்புறக் கிடந்தது. கரையிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று வெளியே தள்ளிக்கொண்டு போய்விட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். மூன்றாம் நாள் அவனைக் கண்டெடுத்தோம்.

அவன் மனைவி ஹில்டா எனக்கு மைனி. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பதினெட்டு வருடமாக என் ராத்திரிச் சாப்பாடு மைனி கையால்தான், ஏனென்றால் எனக்குச் சமையலும் வராது, வரவும் வேண்டாம் என்று மைனியே சொல்லிவிட்டாள். அடக்கம் முடிந்து எட்டாம் நாள் மறுபடி சுவருக்கு மேலே சோற்றுக்கிண்ணம் வந்தது. அன்றைய நாளைப் பற்றி மைனி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ எங்கே இருந்தாய், எப்போது திரும்பினாய், எதுவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன். கேட்காததால் தின்றேன். தின்கிற ஒவ்வொரு வாயும் கசந்தது.

முப்பது நாள் கழித்து ஆணையத்திலிருந்து ஒரு பையன் வந்தான். பையன் என்றால் முப்பது வயதிருக்கும், முகில்வண்ணன் என்று பேர், சேலத்துக்காரன், பெட்டிக்குள் இருக்கிற கணக்கையெல்லாம் பார்த்துக்கொள்கிற பொறியாளர். என் படகில் உட்கார்ந்து, மடியில் ஒரு கணினியை விரித்துவைத்துக்கொண்டு, வெகுநேரம் தொண்டையைச் செருமினான். தம்பி, காசநோயா என்று கேட்டேன். அப்புறம்தான் பேச்சே வந்தது.

"அக்கா, அன்னிக்கு நீங்க ஏன் திரும்பலை?"

எனக்குக் கோபம் வந்தது. கடலில் முந்நூறு படகு நின்றது, என்னை மட்டும் கேட்பானேன் என்றேன். அதற்கு அவன் சொன்ன பதிலை முழுசாகப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. சுருக்கமாகச் சொல்கிறேன். பொட்டுக்காற்றை எந்தக் கருவியாலும் முன்கூட்டிப் பிடிக்க முடியவில்லை. அதனால் பெட்டிக்குள் இருக்கிற இயந்திரத்துக்கு இருக்கிற தகவல் எல்லாவற்றையும் கொட்டிக் கொடுத்து, நீயே கற்றுக்கொள் என்று விட்டுவிட்டார்கள். வெப்பம், அழுத்தம், அலை, கூடவே ஒவ்வொரு படகும் போன தடம். அது கற்றுக்கொண்டது. எதிலிருந்து என்று இவர்கள் பார்க்கவே இல்லை, சரியாகச் சொல்கிறதே, போதும் என்று இருந்துவிட்டார்கள். லியோன் செத்த பிறகு விசாரணைக்காகத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது.

"அது காத்தைப் பாக்கலைக்கா. உங்களைப் பாக்குது. உங்க பேரெல்லாம் அதுக்குத் தெரியாது, ஒரு நம்பர்தான். அந்த நம்பர் படகு சடார்னு திரும்புனா அம்பது நிமிஷத்துல காத்து வரும்னு அது கண்டுபிடிச்சு வச்சிருக்கு. வேற சில படகும் இருக்கு, ஆனா முக்காவாசி கனம் உங்களுதுதான். நீங்க திரும்புனா சிவப்பு. நீங்க நின்னா பச்சை."

ஏழு வருடமாக நான் என் முதுகைத் தட்டிக்கொண்டது எவ்வளவு அசட்டுத்தனம் என்று நினைத்தேன். பெட்டியை நான் முந்தவில்லை, என்னால்தான் பெட்டிக்கே தெரிந்திருக்கிறது. உடனே அடுத்தது மனதில் பட்டது: நான் நின்றதால்தான் அன்றைக்குப் பச்சை எரிந்தது.

முகில் திரையைத் திருப்பிக் காட்டினான். லியோனின் தடம் ஒரு நீலக் கோடு. பதினொன்று இருபத்தைந்துக்கு அவன் படகு கரைப்பக்கம் திரும்பியிருக்கிறது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி வளைந்து வெளியே, ஆழத்தைப் பார்த்துப் போயிருக்கிறது. அவருக்கே ஏதோ தோன்றித் திரும்பியிருப்பார், பிறகு பெட்டி பச்சையாக இருப்பதைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு மீன் பிடிக்கலாம் என்று போயிருப்பார் என்றான் முகில். கோடு பன்னிரண்டு மைலில் முடிந்தது.

அப்புறம் அவன் வந்த விஷயத்துக்கு வந்தான். நான் அன்றைக்கு உண்மையிலேயே எதையும் உணரவில்லை என்றால், ஏழு வருடம் நான் சரியாகத் திரும்பினதெல்லாம் வெறும் அதிர்ஷ்டம், என் தடத்தை நம்பக்கூடாது. இயந்திரம் முதலிலிருந்து கற்க வேண்டும், அதற்கு இரண்டு வருடமாகும். அதுவரை ஆணையம் ஒரு விதி கொண்டுவரப் போகிறது: எந்தப் படகும் ஐந்து மைலைத் தாண்டக்கூடாது. உணர்ந்தும் வேறு காரணத்தால் நின்றிருந்தேன் என்றால் சங்கதி வேறு. அந்தக் காரணத்தை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம், ஒரு வார வேலை. ஆனால் அவன் காதோடு சொன்னால் செல்லாது. பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்தில் எழுந்து சொல்லி, பதிவாக வேண்டும்.

"சொல்லுங்கக்கா, அன்னிக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் தெரியலை தம்பி" என்றேன்.

பொய் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டுக் கணினியை மூடினான். அவன் முகம் விழுந்துபோனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து மைலுக்குள் என் தொழில் இல்லை. வலைக்காரர்களுக்கும் அங்கே நெத்திலியைத் தவிர ஒன்றும் இல்லை. முந்நூறு வீட்டு அடுப்பு. அது எல்லாம் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், அண்ணன் செத்த நேரத்தில் நான் ஒரு மீனைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தேன் என்று ஹில்டா மைனி முன்னால் சொல்வதை நினைத்தால் நாக்கு எழவில்லை.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று வந்தது. பத்து மைலில் அந்தப் பெண் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். பாவம், நிற்கவே இல்லை. கரைக்குத் திருப்பினேன். இதற்கு முன் வாந்திக்காக நூறு தரம் திரும்பியிருப்பேன். அப்போதெல்லாம் மெதுவாக, ஆற அமரத் திரும்புவேன், அதனால் இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது. இப்போது யாரோ என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே ஸ்டியரிங்கை வெடுக்கென்று இழுத்துவிட, படகு சடாரென்று வளைந்துவிட்டது. நாலு நிமிடத்தில் சிவப்பு. கடல் முழுக்கப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டும் அள்ளிக்கொண்டும் கரைக்கு ஓடிவந்தன. காற்று வரவில்லை. சாயந்தரம் வரைக்கும் ஒரு இலை ஆடவில்லை. துறையில் ஆட்கள் பெட்டியைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள், ஒருவன் கழற்றிக் கடலில் வீசினான். அந்தப் பெண்ணுக்கு இஞ்சி மிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அடுத்த தரம் நிஜமாகவே காற்று வரும்போது சிவப்பு எரிந்தால் இவர்கள் திரும்புவார்களா?

அன்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மைனி பேசினாள். கூட்டத்தில் தான் பேசப்போவதாகவும், ஐந்து மைல் விதி வேண்டும் என்றுதான் சொல்லப்போவதாகவும் சொன்னாள். கோவிச்சுக்காத என்றாள். ஊரே விதியை எதிர்க்கும்போது மைனி மட்டும் ஆதரிப்பது, கடல்மேல் உள்ள கோபம் என்று நினைத்துக்கொண்டேன். நான் எப்படிக் கோபித்துக்கொள்வேன்? சரி மைனி என்றேன்.

கூட்டம் மீன் ஏலக்கூடத்தில் நடந்தது. தரையைக் கழுவிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். கழுவினால் போகிற வாடையா அது? ஆணையத்துத் தலைவர் ஒரு அம்மா, முக்கால் மணி நேரம் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, பெட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, அதற்காக நாங்கள் பட்டினி கிடப்பதா என்று கேட்டார்கள். முகில் ஒரு மூலையில் எழுதிக்கொண்டே இருந்தான். என்னை ஒரு தரம் பார்த்தான், பிறகு பார்க்கவில்லை.

மைனியை அழைத்தார்கள். வெள்ளைச் சேலையில் எழுந்து நின்று, யாரையும் திட்டாமல், கையில் இருந்த தாளையும் பார்க்காமல் பேசினாள். பெட்டியைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லவில்லை. பழைய இன்ஜினை வைத்துக்கொண்டு பதினாலு மைல் போகிறார்கள், நடுக்கடலில் நின்றுபோனால் யார் போய் இழுத்துவருவது, போகிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே, அதனால் யாரும் தூரம் போக வேண்டாம் என்றாள். இவள் எதற்கு இன்ஜினைப் பற்றிப் பேசுகிறாள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. யாரோ எழுதிக்கொடுத்ததைப் பேசுகிறாளோ என்றுகூட நினைத்தேன். பேசி முடித்து உட்காரும்போது என்னைப் பார்த்தாள். கோபம் துளியும் இல்லாத பார்வை. என்னால் அதற்குமேல் உட்கார முடியவில்லை.

எழுந்தேன். பேரைச் சொன்னேன், படகுப் பேரைச் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி எதைப் பார்த்துச் சிவப்புக் காட்டுகிறது என்பதை முதலில் சொன்னேன். கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அப்புறம் அந்த வியாழக்கிழமை. பதினொரு மணிக்கு மேல் எனக்குத் தெரிந்துவிட்டது என்றேன். திரும்பியிருந்தால் முந்நூறு படகிலும் அப்போதே சிவப்பு எரிந்திருக்கும், எல்லாரும் வீட்டுக்கு வந்திருப்பார்கள் என்றேன். மயில்மீன் மாட்டியிருந்தது, இன்ஜினை நியூட்ரலில் போட்டுவிட்டு நாற்பது நிமிடத்துக்குமேல் மீன் பின்னால் ஒழுகினேன், எனக்கு அது பிடித்திருந்தது, அதனால் நின்றேன். பிடித்த மீனை விட்டுவிட்டோம் என்பதையும் சொன்னேன். எங்கள் அண்ணன் பச்சையை நம்பிப் போனான், அந்தப் பச்சை நான்தான் என்று முடித்து உட்கார்ந்தேன்.

பின்வரிசையில் யாரோ, விடுறதுக்காடி பிடிச்ச என்றான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் அவனை அடக்கினான். முகில் தலைவரிடம் ஓடிப்போய்க் குனிந்து பேசினான், கணினியைக் காட்டினான். அந்த அம்மா கைக்குட்டையை எடுத்துவிட்டுத் திரும்பத் திரும்ப ஏதோ கேட்டாள். படகில் ஒரு பொத்தான் வைத்துவிடலாம், மீன் மாட்டினதும் அதை அழுத்தினால் அந்த நேரத்து என் தடத்தை இயந்திரம் கணக்கில் எடுக்காது, ஒரு வாரம் போதும் என்று அவன் சொல்வது எனக்கே கேட்டது. கடைசியில் அந்த அம்மா ஒலிபெருக்கியில், ஐந்து மைல் விதி நிறுத்திவைக்கப்படுகிறது என்றாள்.

கூடம் அதிர்ந்தது. ஆட்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். என்னைத் திட்டவா தூக்கிக் கொண்டாடவா என்று அவர்களுக்கே தெரியவில்லை. இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்தார்கள், ஒருத்தி என் முன்னால் காறித் துப்பினாள். எனக்கு அந்த நேரத்தில் பாரம் இறங்கின மாதிரித்தான் இருந்தது. செய்யக்கூடாததைச் செய்தேன், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி மைனி என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன் என்று நினைத்தேன்.

மைனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் முகத்தில் கோபமே இல்லை. எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிற முகமாக இருந்தது.

"பிரிஸ்கா, அப்ப உன் இஞ்சின் கெட்டுப்போவலியா?"

எனக்குப் புரியவில்லை. "இல்ல மைனி. நியூட்ரல்லதான் போட்டிருந்தேன்."

"நின்னுபோவல."

"இல்ல. ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

கவிழ்த்துவைத்திருந்த ஒரு மீன்பெட்டியின் மேல் மைனி மெல்ல உட்கார்ந்தாள். எங்களைச் சுற்றி ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் குரலைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

"அன்னைக்குப் பதினொன்னரைக்கு முன்னாடி அவிய போன் பண்ணினாவ. காத்து வரப்போவுது ஹில்டா, பெட்டி பச்சைன்னுதான் சொல்லுது, எனக்கு நம்பிக்கையில்ல, நான் திரும்பிட்டேன், ஒலைய வையின்னாவ. நானும் வச்சேன். அஞ்சு நிமிசத்துல மறுபடி கூப்பிட்டாவ. பிரிஸ்கா படகு புள்ளி பதினாலு மைலுல இஞ்சின் இல்லாம ஒழுகிக்கிட்டுக் கெடக்கு, வயர்லெஸ்ல கூப்பிட்டா பதில் இல்ல, காத்துல மாட்டுனா செத்துருவா, நான் போயி கயித்தக் கட்டி இழுத்துட்டு வாரேன்னாவ."

நான் அவளுக்கு முன்னால் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மழைக்குள் நான் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தபோது அவன் என்னைத் தேடி எதிரே வந்துகொண்டிருந்திருக்கிறான். எந்த இடத்தில் கடந்தேனோ.

இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டேனா, உதடு மட்டும் அசைந்ததா, தெரியாது.

"தெரிஞ்சா நீ தாங்க மாட்டன்னு யாருகிட்டயும் வாயத் தொறக்கல. உன்னக் காப்பாத்தப் போயி செத்தாவன்னு நீ எப்படிச் சுமப்ப? இஞ்சின் செஞ்ச வேலைக்கு நீ என்ன பண்ணுவ? இனிமேலாவது நீ தூரமா போவக்கூடாதுன்னுதான் அஞ்சு மைலு கேட்டேன்" என்றாள் மைனி. என்னைப் பார்க்காமல், "நாப்பத்திமூணு நாளா அந்த இஞ்சினத்தான் வைதுக்கிட்டுக் கெடந்தேன்" என்றாள்.

பிறகு எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த செதிலைத் தட்டிவிட்டாள். வாசலில் முகில்வண்ணன் சிரித்த முகத்தோடு அவளுக்கு வழிவிட்டு நின்றான். அவள் அவனைத் தாண்டி வெயிலில் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தாள். நான் கூப்பிடவில்லை.